எந்தப் பக்கம் திறந்திருக்கு

மதுரைக் கண்ணாஸ்பத்திரியில்
பார்வை பார்க்கும் ஒன்பதாம் அறை என்னுடையது.
படிக்காதவர்களுக்கும் பாஷை தெரியாதவர்களுக்கும்
எங்களிடம் ஒரே அட்டைதான்.
மூன்று கால் உள்ள கறுப்பு எழுத்து
மேலும் கீழும் இடமும் வலமுமாய்ப் புரண்டு கிடக்கும்.
திறந்த பக்கத்தை விரலால் காட்டினால் போதும்.
கமுதிக்காரர், மாலத்தீவுக்காரர்
எல்லோரும் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

ஹனான் மட்டும் வாயால் சொன்னார்.
மேலே திறந்ததற்குப் பாகூர்.
கீழே, பாஷூர்.
வலம், ரோஜ்ஹலாத்.
இடப்பக்கம் திறந்தது வந்தபோது
எச்சில் விழுங்கி,
ரோஜாவா.

"ரோஜாவா?" என்றாள் சோலைமணி,
"இங்க மல்லிதான் சார் ஃபேமசு."

மகள் பெரிவான் சிரிக்கவில்லை.
பெரிய வானம் என்று எனக்குக் கேட்ட பெயர்.
நாலும் திசைகள்தான் என்றாள்,
எங்கள் நாட்டின் நாலு துண்டுகளுக்கும் அதேதான் பெயர்.
துண்டு என்பதற்கு உள்ளங்கையைக் கத்தியாக்கி
என் மேஜையில் நான்குமுறை வெட்டினாள்.

இடக்கண் போய் எட்டு வருஷம்.
ஒரு தை மாதம்,
நாங்கள் அலங்காநல்லூர்க் காளைகளை டிவியில் பார்த்து முடித்த வாரம்,
பாகூர்ப் பக்கத்திலிருந்து விமானங்கள் வந்தன.
அந்தப் படையெடுப்புக்கு
ஆலிவ் கிளை என்று பெயர் வைத்தார்கள்.
அவர் வீட்டைச் சுற்றி முந்நூறு ஆலிவ் மரங்கள்.
அவர் வாத்தியார்.
நாற்பத்தேழு வயதில்தான்
சொந்த மொழியைக் கரும்பலகையில் எழுதக் கொடுத்துவைத்ததாம்.
ஆறு வருஷம் எழுதினார்.
இப்போது வலக்கண்ணிலும் பால் படிந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்த இரவு
காரிடாரில் என் கையைப் பிடித்தாள்.
கட்டை ஒருநாள் தள்ளிப் பிரிக்கலாமா?

ஊரிலிருந்து வரும் செய்திகளை
இவள்தான் வாசித்துக் காட்டுகிறாளாம்.
சித்தப்பா எழுதியிருக்கிறார், இந்த வருஷம் இருபது தகரம் எண்ணெய்.
சித்தப்பா எழுதியிருக்கிறார், கிணற்றடி மரம் தளிர்த்திருக்கிறது.
சித்தப்பா எழுதவில்லை.
போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில்
அகதி முகாமையும் காலிசெய்யச் சொன்ன இரவு,
டிராக்டர் வரிசையில், குளிரில்,
அதற்கு மேல் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை.
வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள்.
மரங்கள் விறகாகிவிட்டன.
எல்லாம் போனில் இருக்கிறது, படங்களோடு.

காலை ஏழு மணிக்கு டாக்டர் கட்டைப் பிரித்தார்.
கடைசிக்கு முந்தின வரி வரை சரியாகச் சொன்னார்.
என் முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்,
மகளின் நரைத்த ஒரு கற்றையை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு போனுக்குக் கை நீட்டினார்.

நான் உசிலம்பட்டி ஒச்சம்மா.
பதினெட்டு வருஷ சர்வீசில் சீட்டில் பொய் எழுதியதில்லை.
தலைக்குக் குளிக்கக் கூடாது,
குனிந்து பாரம் தூக்கக் கூடாது,
அதற்கடியில் என் கையெழுத்தில்
ஒரு வாரம் செல்போன் பார்க்கக் கூடாது.

அவ்வளவுதான் என்னால் முடிந்த போர்நிறுத்தம்.

எட்டாம் நாள் மறுபரிசோதனைக்கு வந்தார்.
படித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை,
பெரிவானும் என்னைப் பார்க்கவில்லை.
மேஜைமேல் அவருடைய அட்டை.
சொந்த ஊர் என்ற கட்டத்தில்
கவுண்டர்ப் பையன் தமிழில் அடித்திருந்தது: ரோஜா.
என்ன என்று விரலால் கேட்டார்.
சோலைமணி தலையில் பூ வைப்பதுபோல் காட்டினாள்.
ஒற்றைக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்,
திருத்தப்போன என் பேனாவை மெல்லத் தள்ளினார்.

சிரித்தாரா என்றும் நிச்சயமில்லை.
சொட்டுமருந்து கரைந்துவிடும் என்று
பஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த டோக்கன் வாடிப்பட்டி.
நாற்காலியைத் துடைத்து, அட்டையைத் திருப்பி,
"அய்யா, இது எந்தப் பக்கம் தொறந்திருக்கு?"